கவிழ்ந்த கயாக்: தண்ணீரை முதலில் வடிப்பதா, ஆளை முதலில் ஏற்றுவதா?

திருகோணமலை உப்புவெளியில் புதியவர்களைக் கயாக்கில், அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகில், கூட்டிப்போனால் யாராவது ஒருவர் கவிழத்தான் செய்வார். அந்த நேரம் இரண்டு வழி உண்டு. கயாக்கை வடித்துவிட்டு ஆளை ஏற்றலாம். ஆளை ஏற்றிவிட்டுக் கைப்பம்பால் இறைக்கலாம். நான் பெரும்பாலும் முதல் வழிதான்.

குப்புறக் கிடக்கும் கயாக்கின் அணியத்தை, அதாவது முன்முனையை, என் கயாக்கின் மேல் குறுக்காக இழுப்பேன். கவிழ்ந்தவர் என் கயாக்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதப்பார். நேரே தூக்கினால் அசையாது, தண்ணீர் உறிஞ்சிப் பிடித்திருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் சரித்தால் 'களக்' என்று காற்று உள்ளே போய்ப் பிடி விட்டுவிடும். அப்புறம் அணியம் உயர உயரத் தண்ணீர் தானாகக் கொட்டும். நிமிர்த்தி, பக்கத்தில் அணைத்துப் பிடித்து, ஆளை ஏற்ற வேண்டியதுதான்.

இருக்கைக்குப் பின்னால் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் இருந்தால்தான் இது சரிவரும். இல்லாவிட்டால் தண்ணீர் பின்பக்கம் ஓடித் தேங்கிவிடும். நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. தனியாளாகத் தூக்கப்போனால் முதுகு போய்விடும்.

பம்பில் பாரம் தூக்கும் வேலை இல்லை. ஆனால் நிறைந்த கயாக்கில் தண்ணீர் அங்குமிங்கும் அலம்ப, ஏறியவர் திரும்பவும் கவிழ்வார். நேரமும் பிடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை இங்கே கடல் பாய் விரித்தது போலக் கிடந்தாலும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். இறைத்து முடிக்கையில் கரை தூரத்தில் நிற்கும்.

ஆனாலும் பம்பை ஒருநாளும் கரையில் விட்டுப் போகமாட்டேன். ஒருமுறை கவிழ்ந்த பிள்ளை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தவள் விடவேயில்லை. வடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். "சரியம்மா, முதல்ல நீ ஏறு" என்று கயாக்கை நிமிர்த்தி, அவளை அப்படியே ஏற்றி, கூட வந்த இன்னொருவர் பக்கத்தில் வந்து பிடிக்க, நான் இறைத்தேன். பயந்த ஆளைத் தண்ணீரில் காக்க வைக்கக் கூடாது.

மேலே உட்காரும் கயாக்கில் இந்தக் கேள்வியே இல்லை. ஓட்டைகள் வழியே தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வெடிப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் தேங்குவது வெளியே தெரியாது. கரையில் ஆட்டிப் பார்த்து, சளசளவென்று கேட்டால் அதை எடுக்காதீர்கள்.

உள்ளே உட்காரும் கயாக்கில் இறங்குமுன் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். தடுப்பு தட்டுப்படாவிட்டால் புதியவரோடு இடுப்பளவு தண்ணீரைத் தாண்ட வேண்டாம்.