ஆளவந்தானா, ஆயிரத்தில் ஒருவனா: திட்டு வாங்கிய படங்களில் எது நிற்கிறது?

வெளிவந்தபோது திட்டு வாங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கொண்டாடப்படும் தமிழ்ப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இரண்டு பெயர்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, 2001 தீபாவளியை ஒட்டி வந்த 'ஆளவந்தான்'. இன்னொன்று, 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965-இல் வந்த எம்.ஜி.ஆர். படம் வேறு, தலைப்பு மட்டும் அங்கிருந்து). இரண்டுக்கும் ரசிகர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றேதான்: காலத்தை முந்தி வந்துவிட்டதாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அன்று தியேட்டரில் நெளிந்தவர்கள் ஒன்றும் ரசனை கெட்டவர்கள் இல்லை. அவர்கள் சொன்ன குறைகள் இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் அப்படியே இருக்கின்றன. அந்தக் குறைகளைச் சுமந்துகொண்டே எந்தப் படம் நிமிர்ந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் ஆளவந்தான். கமல்ஹாசன் எழுதிய 'தாயம்' தொடர்கதைதான் மூலம். திரைக்கதையும் அவருடையதே. இயக்கம் சுரேஷ் கிருஷ்ணா, தயாரிப்பு கலைப்புலி எஸ்.தாணு. இரட்டைச் சகோதரர்களில் (இரண்டு வேடமும் கமலே) விஜய் கமாண்டோ, நந்து மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருப்பவன். சின்ன வயதில் சித்தியின் கொடுமையில் உடைந்துபோனவன். விஜய் கைப்பிடிக்கும் தேஜஸ்வினியைப் பார்த்ததும் இவளும் அந்தச் சித்திதான் என்று முடிவு கட்டி, கொல்வதற்காகத் தப்பித்து வருகிறான்.

நந்து திரையில் இருக்கும்வரை படத்தைக் குறை சொல்லக் கை வராது. மொட்டைத் தலை, ஏற்றிய உடம்பு, கவிதையும் வெறியும் மாறி மாறி வரும் பேச்சு. 'கடவுள் பாதி மிருகம் பாதி' பாட்டில் குரலும் கமலுடையதே. மனீஷா கொய்ராலா வரும் பகுதியில், வன்முறை உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து காட்சி சட்டென்று கார்ட்டூனாக மாறிவிடும். நந்துவின் மண்டைக்குள் உலகம் அப்படித்தான் ஓடுகிறது என்பதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடும் இடம் அது. வன்முறையை அனிமேஷனாகக் காட்டிய இந்த யோசனையைப் பற்றி ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோவே பேசினார் என்று இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் வழியாக ஒரு செய்தி வந்தது. அன்றிலிருந்து ஆளவந்தான் பேச்சு எதுவும் டாரன்டினோவின் 'கில் பில்'லைத் தொடாமல் முடிவதில்லை. நம் படம் நமக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு ஹாலிவுட்காரர் ஒருவரின் சிபாரிசு எதற்கு என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

தொழில்நுட்பத்தில் அன்றைக்கு இது எட்டாத உயரம். நகரும் கேமராவுக்கு முன்னால் இரண்டு கமல்கள் மோதிக்கொள்ள ஒரே அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் கேமராவைக் கொண்டுவந்தார்கள். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் கிடைத்தது.

சிக்கல் விஜய்தான். கமாண்டோ சாகசம், காதல், கல்யாணம் என்று அவன் பக்கம் ஓடும் காட்சிகள் வேறு ஏதோ படத்தின் ரீல் மாறி வந்துவிட்டதுபோல இருக்கும். நந்துவுக்காகக் காத்திருக்கும் நேரமே படத்தில் பாதி. அப்புறம், மனநோயாளி என்றாலே கத்தியோடு அலைபவன் என்ற எண்ணத்தைப் படம் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. நந்துவின் குழந்தைப் பருவத்தை அவ்வளவு பரிவோடு காட்டிய படம், அவன் வளர்ந்ததும் அவனைப் பயமுறுத்தும் பொருளாக்கிவிடுகிறது. 2001-இல் இதை அதிகம் பேர் கேட்கவில்லை. இப்போது உறுத்துகிறது.

ஆயிரத்தில் ஒருவன் விஷயம் வேறு. அதன் முதல் பாதியைப் பற்றிப் பெரிய சண்டை என்றைக்குமே கிடையாது. காணாமல் போன தொல்லியல் ஆய்வாளரைத் தேடி ரீமா சென் தலைமையில் ஒரு படை கிளம்புகிறது. ஆய்வாளரின் மகளாக ஆண்ட்ரியா, மூட்டை தூக்கும் கூட்டத்தின் தலைவனாக கார்த்தி. 'பருத்திவீர'னுக்குப் பிறகு கார்த்திக்கு வந்த அடுத்த படம் இது. கடல், காடு, பாம்பு, பாலைவனம் என்று ஏழு தடைகள். புதைமணலைக் கடக்க வழி தெரியாமல் நிற்கும்போது சூரியன் ஏற, நடராஜர் நிழல் மணலில் விழுகிறது. அந்த நிழலுக்குள் கால் வைத்தால்தான் உயிர் தப்பும். கிராபிக்ஸ் சுமார்தான். ஆனாலும் இப்படி ஒரு காட்சியை யோசிப்பதற்கே தனி மண்டை வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகுதான் படமே வேறாக மாறிவிடுகிறது. 1279-இல் பாண்டியரிடம் தோற்ற சோழர்கள் தங்கள் இளவரசனைக் கடல் கடந்து அனுப்பிவைக்கிறார்கள். அந்த வம்சம் இன்னும் குகைக்குள் உயிரோடு இருக்கிறது, தஞ்சைக்கு அழைத்துப் போக ஒரு தூதன் வருவான் என்று காத்துக்கிடக்கிறது. சோழர் என்றால் யானை, சேனை, கோபுரம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவனுக்குச் செல்வராகவன் காட்டியது கரி பிடித்த உடம்பும் பசியும். பார்த்திபனின் அரசன் வீரனா, பித்தனா என்று கடைசிவரை பிடிபடாது. கைதிகளை வட்டத்தில் நிறுத்தி இரும்புக் குண்டைச் சுழற்றிக் கொல்வதைப் பார்த்து அதே பஞ்சைக் கூட்டம் கூத்தாடுகிறது. பேசும் தமிழ் பாதி விளங்கவில்லை என்று ஒரு புகார், பெண்கள் மீதான வன்முறையை இவ்வளவு நேரம் காட்ட வேண்டுமா என்று இன்னொரு புகார். இரண்டாவது புகாரை நானும் வழிமொழிகிறேன். அந்தக் காட்சிகள் நீளம் மட்டுமில்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகின்றன. கார்த்தியின் இரட்டை அர்த்த வசனங்களும் இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்கும்படி இல்லை.

இவ்வளவையும் மீறி அந்த இரண்டாம் பாதி விடாமல் பின்தொடர்வதற்குக் காரணம் உண்டு. படம் வந்தது 2010 ஜனவரி. முள்ளிவாய்க்கால் நடந்து எட்டு மாதம். பட்டினி கிடக்கும் மக்கள், சீருடையில் வரும் படை, சங்கிலியில் கட்டுண்ட தலைவனின் கண் முன்னால் அவன் குலம் அழிவது. இதை வெறும் சோழர் கதையாகப் பார்க்கப் பலரால் முடியவில்லை. படப்பிடிப்பு 2007-லேயே தொடங்கிவிட்டது என்பதால் எல்லாம் திட்டமிட்ட உருவகம் என்று சொல்வது அதிகம். ஆனால் படம் வந்த நேரம் அந்த அர்த்தத்தை அதற்குக் கொடுத்துவிட்டது. ஜி.வி.பிரகாஷ்குமார் இசையில் வைரமுத்துவின் 'தாய் தின்ற மண்ணே' இன்றும் ஊர் இழந்தவர்களின் பாட்டாகக் கேட்கப்படுகிறது. ஆளவந்தானுக்கு இப்படி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம் எதுவும் இல்லை. அது ஒரு நடிகனின் சாதனையாகவே நிற்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் கத்தரிக்கோல். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி தாணு ஆளவந்தானை மறுபடி வெளியிட்டார். மூன்று மணி நேரத்தை நெருங்கிய பழைய படம் இந்த முறை இரண்டு மணிச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. அவ்வளவு வெட்டியும் ஆளவந்தானை நேசிப்பவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அவர்கள் நேசித்தது நந்துவை, நந்து பத்திரமாக இருக்கிறான். படத்தின் குறை எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம், வைத்த இடத்தில் வெட்டவும் செய்யலாம்.

ஆயிரத்தில் ஒருவனில் அப்படி வெட்ட முடியாது. குகைக்குள் போனதும் கதை நகராமல் நிற்பதுதான் அதன் பெரிய குறை. அந்தத் தேக்கம் இல்லாவிட்டால் காத்திருந்து காத்திருந்து அழுகிப்போன ஒரு இனத்தின் கதையும் இல்லை. தெலுங்கில் 'யுகானிகி ஒக்கடு' என்று சுருக்கி வெளியிட்ட பதிப்பு நன்றாக ஓடியது, அது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் அங்கே அது ஒரு சாகசப் படமாக ஓடியது. தஞ்சை என்ற பெயரைக் கேட்டதும் நெஞ்சு நிமிரும் பழக்கம் இல்லாத ஊரில், அந்தப் பெருமையைக் குப்புறத் தள்ளியதில் யாருக்கும் கோபம் வர வேலையில்லை.

பணக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரத்தில் ஒருவனின் செலவு 32 கோடி என்று சொல்லித்தான் அன்று விளம்பரம். உண்மையில் 18 கோடிதான், பிரம்மாண்டம் என்று காட்டுவதற்காக ஏற்றிச் சொன்னோம், அது முட்டாள்தனம் என்று 2021-இல் செல்வராகவனே ட்விட்டரில் எழுதினார். 32 கோடி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால் வசூலையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள், தோல்வி இன்னும் பெரிதாகத் தெரியும். அதே 2021-இன் முதல் நாளில் தனுஷை வைத்து இரண்டாம் பாகம் 2024-இல் வரும் என்று அறிவித்தார். 2024 வந்து போய்விட்டது, படம் வரவில்லை. வராததே நல்லது என்பது என் கட்சி.

ஆக, என் ஓட்டு ஆயிரத்தில் ஒருவனுக்கு, கொஞ்சம் தயக்கத்தோடு. கைத்தேர்ச்சியில் ஆளவந்தான் பல படி மேலே. நடிப்பிலும் நந்துவுக்கு ஈடு சொல்லப் பார்த்திபன் ஒருவரால் மட்டுமே முடியும். ரீமா சென்னையும் சேர்க்கலாம், அவருக்கு அதற்கு முன்போ பின்போ இப்படி ஒரு வேடம் அமையவில்லை. ஆனால் ஆளவந்தானின் நல்ல பகுதிகளை யூட்யூபில் துண்டு துண்டாகப் பார்த்தாலே முக்கால்வாசிப் படம் கையில் வந்துவிடுகிறது. இன்னொன்றுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதுவரை பார்க்காதவர்கள் ஆளவந்தானின் சுருக்கிய பதிப்பு கிடைத்தால் அதையே பார்க்கலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆயிரத்தில் ஒருவனைத் தமிழில், முழு நீளத்தில், நல்ல ஸ்பீக்கரில் பாருங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், முதல் பாதியில் பாம்புக்குப் பயப்படுவதோடு விஷயம் முடியாது.