2012 முதல் எங்கள் வீட்டில் இருக்கும் காப்பீட்டு அட்டை: பயன்பட்டதும் படுத்தியதும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த அட்டை இல்லாமல் போயிருந்தால் என் மாமனாரின் பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு எங்களிடம் இருக்கும் கொஞ்ச நிலத்தையும் விற்றிருப்போம். அட்டை நல்லது என்பதால்தான் அதைச் சுற்றியுள்ள கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது இது. ஆட்சி மாறிய பிறகு 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் வந்தது. அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு போய், குடும்பமாக உட்கார்ந்து போட்டோ எடுத்து, கைரேகை வைத்து அட்டை வாங்கினோம். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்தார்கள். காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. 2022 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வருமான வரம்பு 1.20 லட்சமாக உயர்ந்தது.

மாமனாருக்கு 2015இல் பைபாஸ் நடந்தது, ஒரு தனியார் மருத்துவமனையில். காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்த பெண் எங்களை உட்கார வைத்து, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுநாளே அப்ரூவல் வந்துவிட்டது. எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையும் கொடுத்தார்கள். மாமியாருக்குப் பிற்பாடு டயாலிசிஸ் தேவைப்பட்டபோது அரசு மருத்துவமனையிலேயே அட்டையைக் காட்டிச் செய்துகொண்டோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அரசு மருத்துவமனையில் சிகிச்சை எப்படியும் இலவசம்தான். ஆனாலும் அட்டையைக் காட்டச் சொல்வார்கள். அந்த சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேரும் என்பதுதான் காரணம். அதனால் "இலவசம்தானே, எதுக்கு கார்டு" என்று மறுக்காதீர்கள். அந்தப் பணம் அடுத்து வரும் நோயாளிக்கு உதவும்.

நான் நொந்துபோனது ஓரகத்தி வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது. சேர்த்த இடத்தில் அட்டையை நீட்டினால், "இந்தக் கார்டுல அவங்க பேர் இல்லையேம்மா" என்றார்கள். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அவள் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தது. அந்த வீட்டு அட்டையோ புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. அங்கே ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, இங்கே சேர்த்து, பிறகு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால்தான் அட்டையில் பெயர் ஏறும். எலும்பு முறிந்து கிடப்பவளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் செய்வது? நகையை அடகு வைத்துக் கட்டினோம்.

அதே நேரத்தில் எங்கள் அட்டையைப் பார்த்தால், இறந்துபோன பாட்டியின் பெயர் பத்திரமாக இருக்கிறது! உயிரோடு இருப்பவளுக்கு இடமில்லை, போய்ச் சேர்ந்தவருக்கு 5 லட்சம் காப்பீடு. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. எங்கள் தெருவில் விசாரித்தாலே இப்படி நாலு வீடு கிடைக்கும். கல்யாணமாகி வந்த பெண்கள், தனிக்குடித்தனம் போன மகன்கள், புதிதாய்ப் பிறந்த குழந்தைகள், இவர்கள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அன்றிலிருந்துதான் அரசு அறிவிக்கும் எண்ணிக்கையை நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். 2022 ஒப்பந்தப்படி சுமார் 1.37 கோடி குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். பெருக்கிப் பார்த்தால் 1,160 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு என்பதால் எங்கள் பாட்டியின் பெயர் இருந்தாலும் போனாலும் தொகை மாறாது, உண்மைதான். ஆனால் ஒரே குடும்பம் இரண்டு தடவை பதிவாகியிருந்தால்? ஊரைவிட்டே போன குடும்பம் இன்னும் பட்டியலில் இருந்தால்? தகுதியே இல்லாத குடும்பம் உள்ளே வந்திருந்தால்? ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் போகும். அந்தக் குடும்பங்கள் அட்டையைப் பயன்படுத்தவே போவதில்லை என்றால் நிறுவனத்துக்குச் செலவும் கிடையாது. மேடையில் கைதட்டலுக்காகச் சொல்லும் எண்ணிக்கையும் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பில்லும் ஒன்றுதான். மக்கள் சந்தேகப்படுவதில் என்ன தவறு?

இது வெறும் ஊகம் இல்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தயாரித்த அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாடு முழுக்க ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகளுக்கு 9999999999 என்ற ஒரே செல்போன் எண் பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களோடு 4,761 பதிவுகள் இணைக்கப்பட்டிருந்தன. நாடு முழுக்க, இறந்துவிட்டதாக ஏற்கெனவே கணினியில் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் அதன் பிறகும் சிகிச்சை காட்டி, 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. என்னை அதிகம் உறுத்தியது நம் மாநிலத்தைப் பற்றிய இன்னொரு பத்தி. தமிழ்நாட்டின் ஓய்வூதியர் பட்டியலோடு ஒப்பிட்டபோது 1,07,040 ஓய்வூதியர்கள் தகுதி இல்லாமலே பயனாளிகளாக இருந்தார்கள். அவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிய பிரீமியம் சுமார் 22.44 கோடி ரூபாய். ஓரகத்திக்கு அட்டையில் இடம் இல்லாத அதே மாநிலத்தில்!

செல்போன் எண் விவகாரத்துக்கு மத்திய அரசு பதில் சொன்னது: பயனாளியை உறுதி செய்வது ஆதார் மூலம்தான், செல்போன் எண்ணுக்கு அதில் பங்கு கிடையாது என்று. அடையாளம் காண்பதைப் பொறுத்தவரை அது சரியான பதிலாகவே இருக்கட்டும். ஆனால் என் அட்டையில் யாரோ சிகிச்சை எடுத்தால் எனக்கு எப்படித் தெரியும்? என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால்தான் தெரியும். போலி எண் இருக்கும் இடத்தில் அந்த ஒரே காவலும் இல்லாமல் போகிறது. இதற்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

அடுத்தது, அட்டை செல்லுபடியாகும் இடத்திலும் பணம் கேட்பது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல். வேறொரு தனியார் மருத்துவமனை. "அப்ரூவல் வர்ற வரைக்கும் டெபாசிட் கட்டுங்க, வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்றார்கள். கட்டினோம். அப்ரூவல் வந்தது, ஆபரேஷன் முடிந்தது, டெபாசிட் மட்டும் வரவில்லை. கேட்டால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, "பேக்கேஜில் வராத" மருந்து என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கழித்துவிட்டார்கள். முறையான ரசீது கேட்டதற்குப் பதிலே இல்லை. 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தேன். அடுத்த வாரமே மருத்துவமனையிலிருந்து போன், "மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கோங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்று. பாதிப் பணம் திரும்பி வந்தது. புகாரைத் திரும்பப் பெற நான் சம்மதிக்கவில்லை. ஆனாலும் அது 'தீர்க்கப்பட்டது' என்று முடித்துவைக்கப்பட்டிருந்தது.

தீர்க்கப்பட்ட புகார் என்று எங்கோ ஒரு அறிக்கையில் நானும் ஒரு எண்ணாக இருப்பேன். இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற பட்டியலில் என் வீட்டுக்காரரும் இருப்பார். நாங்கள் கையிலிருந்து கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் இருக்காது. ஓரகத்தியோ எங்கேயும் இருக்க மாட்டாள். அட்டை இல்லாதவள் கோரிக்கையே வைக்கவில்லை, வைக்காத கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகவும் ஆகாது. கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களை எண்ணும் ஏற்பாடு செய்யாமல் பயனடைந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்வது நேர்மையான கணக்கு அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கை இருக்கிறது. யார் வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி என்று கிராம சபையில் வாசிக்கிறார்கள். தப்பாக ஒரு பெயர் வந்தால் "அவன் துபாய்ல இருக்கான்யா" என்று யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள். காப்பீட்டிலும் யாருக்கு என்ன நோய் என்பதை வெளியே சொல்லாமல், எந்தெந்தக் குடும்பத்துக்குப் பிரீமியம் கட்டப்படுகிறது என்பதை மட்டும் வாசிக்கலாம். நகரத்தில் ரேஷன் கடையில் ஒட்டலாம். இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் ஊர்க்காரர்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடிய மென்பொருள் எதுவும் கிடையாது.

அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் ரேஷன் கார்டிலும் காப்பீட்டுப் பதிவிலும் இருக்கிறதா, செல்போன் எண் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். மருமகள் பெயரை முதலில் பாருங்கள். மருத்துவமனையில் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கொடுக்க நேர்ந்தால் தேதி, தொகை, வாங்கியவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலவச எண்ணில் புகார் நம்பர் வாங்குங்கள். அதோடு நிற்காமல், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்ன புகாரை முடித்துவைப்பது எளிது.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரீமியம் கட்டப்பட்டது, அதில் எத்தனை குடும்பங்கள் ஒரு தடவையாவது அட்டையைப் பயன்படுத்தின, எத்தனை முன் அனுமதிக் கோரிக்கைகள் என்ன காரணத்தால் மறுக்கப்பட்டன, கூடுதல் பணம் வாங்கியதாக வந்த புகார்களில் எவ்வளவு தொகை நோயாளிகளுக்குத் திரும்பக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்வேன். உங்கள் மாவட்டத்திலும் இதே கேள்விகளைப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.