வீட்டுப் பதிவுக்கு 24 பிட் போதுமா, 32 பிட் ஃப்ளோட் வேண்டுமா?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கெயின் (மைக்கின் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) குமிழ் வைத்த சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இல்லையென்றால் ஜூம் எஃப்3 மாதிரி 32 பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய சத்தம் முதல் மிகப் பெரிய சத்தம் வரை ஒரே பதிவில் அடக்கும் முறை) ரெக்கார்டர். எஃப்3-இல் கெயின் குமிழே கிடையாது, லெவல் வைக்கும் வேலையே இல்லை. நான் 24 பிட்டைத்தான் எடுத்தேன், இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஃப்ளோட்டின் பலம் தெரிந்ததுதான்: திடீரென்று சத்தம் எகிறினாலும் பதிவு உடையாது, எடிட்டில் இறக்கிக்கொள்ளலாம். மைக்கே தாங்காத சத்தம் என்றால் மட்டும் அதுவும் காப்பாற்றாது.

24 பிட்டில் லெவல் வைக்க, பாடுபவரை 'ஹலோ, ஹலோ' சொல்லச் சொல்லாதீர்கள். அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொடும் வரியை முழுக்குரலில் பாடச் சொல்லி, அந்த இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். பதிவு சூடுபிடித்து ஐந்தாறு டெசிபல் ஏறினாலும் மீட்டரின் உச்சமான 0-வில் இருக்கும் சிவப்பைத் தொடாது. திரையில் அலை ஒல்லியாகத் தெரியும், பரவாயில்லை. 16 பிட்டின் வீச்சு (பதிவாகும் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 96 டெசிபல்தான் என்பதால் அந்தக் காலத்தில் சிவப்பை ஒட்டிப் பதிவு செய்தார்கள். 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144, அதன் அடிமட்டத்தை எட்டுவதற்கு முன்பே மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் இரைச்சல் வந்துவிடும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது அறைதான். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், தெருவில் போகும் வண்டி என்று நம் வீட்டில் எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. குரலுக்கும் அந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைக் கெயினும் மாற்றாது, பிட்டும் மாற்றாது, ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். மாற்றுவது மைக்கின் தூரம். வாயிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருப்பதை 20-க்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், மின்விசிறி அப்படியே இருக்கும். அதற்காக ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளவும் கூடாது, 'ப' வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும், கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும்) மைக்கில் அடிக்குரல் வீங்கும். ஒரு சாண் தூரம், மைக் கொஞ்சம் ஓரமாக, நடுவே வாய்க்காற்றைத் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டர், எனக்கு இதுதான் ஒத்துவருகிறது. கெயின் வைக்க உட்காரும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஹெட்ஃபோனில் ஃப்ரிட்ஜ் முனகுவது காதில் விழுகிறது, எழுந்து போய் அணைத்துவிட்டு வரலாம். ஃப்ளோட் அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிப்போட விட்டுவிடுகிறது. அப்புறம் எடிட்டில் 20 டெசிபல் ஏற்றும்போது பாட்டோடு மின்விசிறியும் கூடவே வந்து நிற்கும்.

கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், தவில் என்றால் கதை வேறு, உச்சத்தை முன்கூட்டி வாசித்துக் காட்டச் சொல்ல முடியாது. அங்கே ஃப்ளோட்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் வெளியிடத்தில் நான் பதிவு செய்தது குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

24 பிட் பக்கம் வருகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். சிக்னலைக் குறைவாகத் தரும் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் பேச்சுக்கு 60 டெசிபல் அளவு கெயின் கேட்கும். இன்டர்ஃபேஸ் அதைக் கொடுக்குமா, குமிழைக் கடைசிவரை திருப்பினால் 'ஸ்ஸ்' என்று இரைகிறதா என்று கடையிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுவிடுங்கள்.