டாக்டர் வீட்டுக்கே வருவார் என்று முன்பணம் வாங்கும் ஆப்களை நம்பாதீர்கள்: எங்கள் செவலை போய்விட்டான்

செவலையைப் புதைத்துவிட்டு வந்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள், "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டு அந்த ஆப்பிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. வயிறு எரிகிறது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

செவலை எங்கள் வெள்ளாட்டுக் கிடா. தாய் ஒதுக்கிவிட்ட குட்டி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தோம். மகள் வரும் காலடிச் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்துவிடுவான். அவள் பையின் வாரைக் கடித்து இழுத்துக்கொண்டே உள்ளே வருவான். ஒரு ஆட்டுக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தயவுசெய்து இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அன்று காலை பின்கால்களை அகட்டி நீட்டிக்கொண்டு, முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்றான். வால் துடித்துக்கொண்டே இருந்தது. அசை போடவில்லை. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவர் வெளியூர் போயிருந்தார். ஆடு மாடு முதல் நாய் பூனை வரை 24 மணி நேரமும் அவசர சிகிச்சை, டாக்டர் வீட்டுக்கே வருவார் என்று விளம்பரம் செய்யும் ஆப் ஒன்று செல்போனில் கிடைத்தது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இந்த ரகத்தில் எத்தனையோ இருக்கின்றன.

வீடியோ அழைப்பில் வந்தவர் வெள்ளைக் கோட்டு போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். எடுத்த எடுப்பில், "பேர் என்னம்மா?" என்று செவலையின் பெயரைத்தான் கேட்டார். மகள் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "செவலை, பயப்படாதடா கண்ணா, நாங்க இருக்கோம்ல" என்றார். எங்க வீட்லயும் ஆடு இருக்கு மேடம், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும் என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் மகள் அழுகையை நிறுத்தினாள். எனக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பணம் வாங்குகிறார்கள்.

மலச்சிக்கல்தான், எண்ணெய் கொடுங்க, நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்க என்றார். மூத்திரமே வரவில்லையே சார் என்று நான் கேட்டேன். வயிறு சரியானா அதுவும் சரியாகிடும், எதுக்கும் அவசர பேக்கேஜ் போட்டுடுங்க, ரெண்டு மணி நேரத்துல டாக்டர் உங்க வாசல்ல நிப்பார் என்றார். என்னுடைய ஒரு மாதச் சம்பளம், முழுசாக, முன்பணமாகக் கட்டினேன்.

டாக்டர் கிளம்பிவிட்டார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார்கள். அந்தப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. கேட்டால் டிராஃபிக் என்றார்கள். அப்புறம் வண்டி பழுது என்றார்கள். சாயங்காலம், யாருமே வராத எங்கள் வாசலுக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதாக, 'சேவை நிறைவடைந்தது' என்று போட்டுவிட்டார்கள்.

இரவில் செவலை திடீரென்று முக்குவதை நிறுத்தினான், கத்தவும் இல்லை. வலி குறைந்துவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் ஊர் திரும்பிய எங்கள் டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது, அது மூத்திரப்பை வெடித்த நேரம். வெடித்ததும் கொஞ்ச நேரம் ஆடு நிம்மதியாக இருக்கிற மாதிரி தெரியுமாம், பிறகு வயிறு வீங்கிவிடும். அவர் வரும்போது செவலை உயிரோடு இல்லை. கிடாக்களின் குறி நுனியில் நூல் மாதிரி ஒரு நீட்சி இருக்கும். அதை இழுத்துக் காட்டினார், உள்ளே மணல் பருமனில் கற்கள் நெரிந்தன, அவைதான் மூத்திரத்தை அடைத்திருந்தன. பல கிடாக்களுக்கு அந்த நுனியை வெட்டிவிட்டாலே மூத்திரம் போக ஆரம்பித்துவிடுமாம். அடைப்பு இருக்கும்போது தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தால் பை இன்னும் நிரம்பத்தானே செய்யும்? வெள்ளைக் கோட்டுக்காரர் அதைத்தான் கொடுக்கச் சொன்னார்.

பணத்தைக் கேட்டேன். முதலில் பதில் சொன்னது இயந்திரம். அப்புறம் வந்த பெண், "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று படித்துவிட்டு, ஆலோசனை வழங்கியாகிவிட்டதால் பணம் திரும்பாது என்றாள். ஒரு மாதச் சம்பளம், ஒரு வீடியோ காலுக்கா? மேலாளர் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. பிறகு இறப்புச் சான்றிதழ் அனுப்புங்கள் என்றார்கள், அதுவும் எங்கள் குழு டாக்டர் தந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். வராத டாக்டரிடம் எப்படி வாங்குவது? கடைசியில் அடுத்த செல்லப் பிராணிக்குப் பயன்படுத்திக்கொள்ள ஒரு தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். என் மகள்தான் அதை முதலில் படித்தாள். அதற்குப் பிறகு என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. பேசுகிறவரின் பெயரையும் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்த எண்ணையும் கேளுங்கள், சொல்லவில்லை என்றால் போனை வையுங்கள். டாக்டர் வாசலில் வந்து நிற்கும்வரை முழுப் பணம் கட்டாதீர்கள், ஒரு மாதச் சம்பளம் போனது போனதுதான். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், 'நிறைவடைந்தது' என்று அவர்கள் மாற்றிவிடுவார்கள்.

கிடா வளர்ப்பவர்கள், குறிப்பாகக் காயடித்த கிடா வைத்து தானியம் கொடுப்பவர்கள், அது முக்கினால் முதலில் மூத்திரம் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் எந்த வீடியோ காலும் வேண்டாம், ஆட்டை வண்டியில் ஏற்றி நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.