யுஜிசி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை: தேர்வான பின்னும் தீராத காத்திருப்பு

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வழங்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை, அதாவது ஆய்வாளர்கள் எல்லோரும் ஜே.ஆர்.எஃப். என்று சொல்வதை, ஒரு கௌரவமாகப் பார்த்துப் பேசுபவர்களே மிகுதி. அதை ஒரு சேவையாக வைத்து, விண்ணப்பம் தொடங்கி முதல் மாதத் தொகை வங்கிக் கணக்கில் சேரும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று மதிப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் முழுநேர ஆய்வாளராக இருந்து இந்தத் தொகையைப் பெற்று வருபவள் என்ற முறையிலும், என்னோடு சேர்ந்த பலர் முடிவுக்காகவும் பணத்துக்காகவும் காத்திருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். தொகையையும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் மனமார மெச்சுகிறேன். அந்தத் தொகை ஆய்வாளரின் கைக்கு வந்து சேரும் வழியைத்தான் என்னால் மெச்ச முடியவில்லை.

முதலில் தொகை. 2023 சனவரி 1-இலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், மூவர் குழுவின் மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு உயர்த்தப்பட்டால் எஞ்சிய காலத்துக்கு மாதம் 42,000 ரூபாயும் தரப்படுகின்றன. மொத்தம் ஐந்து ஆண்டுகள். விடுதியில் தங்காதவர்களுக்கு ஊரின் தரத்துக்கேற்ப வீட்டு வாடகைப் படியும் உண்டு. இவை போக, புத்தகம், களப்பயணம், தட்டச்சு போன்றவற்றுக்குக் கலை, சமூக அறிவியல் துறையினருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதன் பின் 20,500 ரூபாயும், அறிவியல் துறையினருக்கு 12,000 ரூபாயும் பின்னர் 25,000 ரூபாயும் சில்லறைச் செலவு மானியமாக வழங்கப்படுகின்றன. ஜே.ஆர்.எஃப்.-க்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேசியத் தகுதித் தேர்வில், அதாவது நெட் தேர்வில், தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேருவோருக்குத் தரப்படும் மாதம் 8,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி விளங்கும். அந்த 8,000 ரூபாயைக்கூட 2015 அக்டோபரில் நிறுத்த முடிவெடுத்து, மாணவர்கள் தில்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன் திரண்டு போராடிய பிறகே அது தொடர்ந்தது. ஆக, ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர் பகுதிநேர வேலை தேடாமல், வீட்டில் கையேந்தாமல், ஆய்வை மட்டுமே செய்து வாழலாம். கலைத் துறைகளில் இப்படி வாழ வழி செய்யும் உதவித்தொகைகள் நம் நாட்டில் மிகச் சில.

ஆனால் தொகையைவிட நான் உயர்வாக மதிப்பது ஒன்றுண்டு. இந்த உதவித்தொகை நெறியாளரின் பெயரிலோ, துறையின் பெயரிலோ, ஏதோ ஒரு திட்டத்தின் பெயரிலோ வருவதில்லை. ஆய்வாளரின் பெயரில் வருகிறது. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேருபவர், அத்திட்டம் முடிந்தால் வெளியேற வேண்டும். அத்திட்டத்தின் தலைப்பை ஒட்டியே தன் தலைப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். நெறியாளரோடு மனவேறுபாடு வந்தால் படிப்போடு சோறும் போய்விடும். ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு அந்த அச்சம் இல்லை. தனக்குப் பிடித்த தலைப்போடு, தனக்கு ஏற்ற நெறியாளரைத் தேடி, நாட்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கும் அவர் போகலாம். தடையின்மைச் சான்று பெற்று வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் உதவித்தொகை கூடவே வரும். பரிந்துரைக் கடிதம் தர ஆளில்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறிய ஒரு பெண், ஒரு தேர்வை எழுதி, தன் மதிப்பெண்ணால் மட்டுமே ஐந்தாண்டு ஆய்வு வாழ்வைப் பெற முடிகிறது என்பது சிறிய செய்தி அன்று. நேர்காணலில் யாருடைய மாணவர், எந்த ஊர், என்ன சாதி என்று முகம் பார்த்து முடிவெடுக்கும் ஒருவரும் இதில் இல்லை. நான் அறிந்த உதவித்தொகைகளில் இந்த வகையில் இதற்கு நிகரானது வேறில்லை.

இனிக் காத்திருப்பு. நெட் தேர்வு ஆண்டுக்கு இரு முறை, சூன் சுழற்சி, திசம்பர் சுழற்சி என நடக்கிறது. 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 2018 திசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை அதை நடத்துகிறது. தேர்வுக்குப் பின் தற்காலிக விடைக்குறிப்பு வரும்; தவறு என்று தோன்றும் விடைக்கு, வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதன் பின் இறுதி விடைக்குறிப்பும் முடிவும் வரும். இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். எந்த வாரத்தில் எது வரும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. விடைக்குறிப்பை வைத்துத் தம் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுக்கொண்டவர்கள்கூட, பாடத்துக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் ஏற்ப ஒவ்வொரு சுழற்சியிலும் மாறும் கட் ஆஃப் தெரியும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மதிப்பெண் குறைந்தால் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைக்கும். அது மதிப்புள்ள தகுதிதான், ஆனால் அதில் மாதப் பணம் இல்லை.

2024 சூன் சுழற்சியில் நடந்ததை இந்தச் சேவையைப் பற்றிப் பேசும் எவரும் கடந்து போகக் கூடாது. சூன் 18 அன்று ஒரே நாளில், 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வை மறுநாளே மத்தியக் கல்வி அமைச்சகம் ரத்து செய்தது. வினாத்தாள் முன்கூட்டியே கசிந்ததைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட படம் திருத்தி உருவாக்கப்பட்டது என்பது பின்னர் சிபிஐ விசாரணையில் தெரியவந்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் தொடக்கம் வரை கணினி வழியில் நடந்து, அக்டோபர் 17 அன்றுதான் முடிவு வெளியானது. அந்த ஆண்டிலிருந்துதான் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணையே பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடும் வந்திருந்ததால், உதவித்தொகைக்காகக் காத்திருந்தவர்களோடு, சேர்க்கைக்காகக் காத்திருந்தவர்களும் அந்த ஒரே முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வைப் பாதுகாப்பாக நடத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் ரத்து செய்யும் அறிவிப்பில் காட்டிய விரைவை, அடுத்து என்ன, எப்போது என்று சொல்வதிலும் காட்டியிருக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படித்தவருக்குப் பத்து நாள் முன்பின் என்பதே வாடகையின் கணக்கு.

முடிவு வந்த பின் வருவது, உதவித்தொகைக்குத் தேர்வானதை உறுதி செய்யும் அவார்ட் லெட்டர். இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம், வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுகள் செல்லும், அதற்குள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும். முன்பு இரண்டாண்டாக இருந்ததை மூன்றாக்கியது நல்ல திருத்தம். நெறியாளரிடம் இடம் காலியில்லாமல் அலைபவர்களுக்கு அந்தக் கூடுதல் ஓராண்டு பேருதவி. இந்தக் கட்டத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை தொடங்குவது இதற்குப் பிறகுதான். சேர்ந்ததும் பணியேற்பு அறிக்கை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், நெறியாளர், துறைத் தலைவர், பதிவாளர் கையொப்பங்கள் ஆகியவற்றோடு ஒரு கோப்பு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவுக்குப் போகிறது. அங்கே தகவலைப் பதிவேற்ற மேக்கர் என ஒருவரும், அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரச் செக்கர் என ஒருவரும் இருப்பார்கள். உதவித்தொகைக்கென அமைக்கப்பட்ட கனரா வங்கி இணையதளத்தில் அவர்கள் இருவரும் தம் பங்கை முடித்தால்தான் ஆய்வாளர் ஒருவர் இருப்பதாகவே தில்லிக்குத் தெரியும். அதன் பின்னும் ஒவ்வொரு மாதமும், இவர் இந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று அதே இருவரும் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத மாதத்துக்குப் பணம் இல்லை.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். முன்பெல்லாம் தொகை மொத்தமாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கே தேங்கி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாததால் அடுத்த தவணை நின்று, மூத்த ஆய்வாளர்கள் ஓராண்டுக்கும் மேல் கடனில் வாழ்ந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். நேரடியாக ஆய்வாளரின் கணக்குக்கே பணம் வருவது அதைவிட எவ்வளவோ மேல். இருந்தும், ஆய்வாளரின் பெயரில் வரும் பணம் என்று நான் மேலே மெச்சிய அந்தச் சுதந்திரத்தை, மாதா மாதம் வாங்க வேண்டிய இந்தக் கையொப்பம் மெல்லப் பறித்துவிடுகிறது. மாத இறுதியில் வருகைச் சான்றுப் படிவத்தோடு நெறியாளர் அறை, துறைத் தலைவர் அறை, ஆய்வுப் பிரிவு என்று ஒரு சுற்று. நெறியாளர் கருத்தரங்குக்குப் போயிருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். துறை முத்திரை பூட்டிய மேசைக்குள் இருந்தால் இன்னும் இரண்டு நாள். என் முதல் தொகைக்காக ஆய்வுப் பிரிவுக்குப் போய்வந்த நாட்களில் ஒன்றில், அங்கிருந்த எழுத்தர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே மேக்கர் பதிவு முடிந்திருந்தது. ஒப்புதல் மட்டும் நிலுவையில் இருந்தது. “நாக் குழு வருது, எல்லாரும் அந்த வேலையாத்தான் இருக்காங்கம்மா. செக்கர் சார் சீட்டுல உக்காந்ததும் போட்டுருவாரு. அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பாருங்க” என்றார். நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு. அவர் மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. தன் அதிகாரத்தில் இல்லாத ஒன்றுக்காக நாள்தோறும் பலரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்பவர் அவர். ஆனால் ஒரு மனிதர் இருக்கையில் இல்லை என்பதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தின் அத்தனை ஆய்வாளர்களுக்கும் அந்த மாதம் தொகை வராது என்பது, திருத்த முடியாத விதி அன்று. ஆய்வாளர் தாமே வருகையைப் பதிவு செய்ய, குறிப்பிட்ட நாட்களுக்குள் நிறுவனம் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ள, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர என்று விதியை மாற்றினால், இந்தச் சுற்றில் பாதி ஒழிந்துவிடும்.

காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்தேதியிலிருந்து நிலுவையும் சேர்ந்தே வருவதால், யாருக்கும் பணம் இழப்பாகாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வீட்டிலிருந்து ஆறு மாதம் பணம் வாங்கிக்கொள்ளக் கூடியவருக்கு அது சரி. வட்டிக்கு வாங்கி விடுதிக் கட்டணமும் உணவுக் கட்டணமும் கட்டியவருக்கு நிலுவை மட்டும்தான் வருகிறது, வட்டி வருவதில்லை. ஜே.ஆர்.எஃப். யாருக்கு மிகவும் தேவையோ, அதன் தாமதத்தைத் தாங்கும் வலு குறைந்தவரும் அவரே. முழுநேர ஆய்வாளர் வேறு ஊதியம் பெறக் கூடாது என்ற நிபந்தனையும் இருப்பதால், இடைப்பட்ட மாதங்களில் கல்லூரியில் பகுதிநேர வகுப்பு எடுத்துக்கூட அவர் சமாளிக்க முடியாது. வேலை செய்யக் கூடாது என்று சொல்லும் அமைப்பு, பணத்தை நாள் தவறாமல் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

தொகை உயர்விலும் இதே போக்கைப் பார்க்கலாம். 2010-இல் 16,000, 2014 இறுதியில் 25,000, 2019-இல் 31,000, 2023-இல் 37,000 என்று இடைவெளி விட்டு விட்டு உயர்ந்திருக்கிறது. 2019-இல் நாடெங்கும் ஆய்வாளர்கள் தெருவுக்கு வந்த பிறகே உயர்வு வந்தது. கடைசி உயர்வை மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 சூனில் அறிவித்தது. மானியக் குழு அதை ஏற்றது செப்டம்பரில். அகவிலைப் படி போல் தானாக உயரும் ஏற்பாடு இருந்தால் இந்தக் காத்திருப்பும் போராட்டமும் தேவைப்பட்டிராது.

இத்தனைக்குப் பிறகும், தகுதியுள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டால், தயங்காமல் விண்ணப்பியுங்கள் என்பேன். பொதுப் பிரிவு ஆண்களுக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் பெரும்பாலான ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு, எனவே முதுகலை முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். முடிவுக்காகக் காத்திருக்கும்போதே நெறியாளர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டிருப்பதையும், மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருப்பதையும் பணியேற்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முன்னெழுத்து முன்னும் பின்னுமாக மாறியதால் கோப்பு திரும்பி வந்தவர்கள் பலர். பணியேற்பு அறிக்கையைக் கொடுக்கும்போது நகலில் நாளிட்டுப் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். நிலுவையைக் கேட்கும் நாளில் உங்கள் பக்கம் இருக்கும் ஒரே சான்று அதுவே. மாத உறுதி எப்போது பதிவேற்றப்படுகிறது என்பதை ஆய்வுப் பிரிவில் கேட்டு, அந்த நாளுக்கு முன்பே படிவத்தைச் சேர்த்துவிடுங்கள்.

சில்லறைச் செலவு மானியத்துக்குப் பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே திரட்டி வையுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பிப்ரவரியில் தேடத் தொடங்குவது பயன்படாது. கல்வெட்டைப் பார்க்கவோ ஆவணக் காப்பகத்துக்கோ போய்வந்த பேருந்துப் பயணச்சீட்டுகளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் நாளும் ஊரும் எழுதி, அன்றே நகல் எடுத்துவிடுங்கள். இப்போதைய பயணச்சீட்டில் அச்சு சில மாதங்களில் மங்கிப்போகிறது, வெற்றுத் தாளைக் கணக்குப் பிரிவு ஏற்பதில்லை.