ஜியோசெல்: கோத்தகிரியில் இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்றுப் பாதைக்கு ஜியோசெல், அதாவது ஜல்லியையோ மண்ணையோ அடைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் அறைப் பேனல், தாராளமாக வாங்கலாம். சரிவுக்கும் வாங்கலாம், ஆனால் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். மலையில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் கீழ்முனையில் ஒரு பள்ளம், வருடம் முழுக்க ஈரம். பச்சைத் தேயிலை ஏற்ற வரும் பிக்கப் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சக்கரம் பாதி புதைந்து நின்றுவிடும். பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போகாவிட்டால் மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துவிடும், விலை போச்சு. வருடாவருடம் ஜல்லி கொட்டினோம், வருடாவருடம் சேறு அதை விழுங்கியது. கான்கிரீட் போடலாம் என்றால் அடிமண் இறங்க இறங்க அது விரிசல் விடும். ஆழமாகத் தோண்டி மண்ணை மாற்றவும் சுலபத்தில் முடியாது. நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கே கலெக்டர் அனுமதி வேண்டும். ஆட்களை வைத்துக் கையாலேயே முடிக்கக்கூடிய வழி தேவைப்பட்டது.

ஜியோசெல் என்பது கெட்டியான பிளாஸ்டிக் பட்டைகளை, அதாவது எச்டிபிஈ பட்டைகளை, இடைவெளி விட்டு விட்டு ஒன்றோடொன்று வெல்ட் செய்த பேனல். மடித்த கட்டாக வரும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தேன்கூடு போல விரியும். அறைகளின் உயரம் 75 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் கிடைக்கிறது. பாதைக்கு 150 மில்லிமீட்டர் உயரமுள்ளதை வாங்கினோம்.

விரிக்கிற வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. முதலில் சேற்றின் மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தோம். சேறு மேலே ஏறி ஜல்லியோடு கலக்காமல் தடுப்பது இந்தத் துணிதான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதன் மேல் பேனலை இழுத்தால் அது உடனே பழையபடி சுருங்கப் பார்க்கும். ஒரு முனையில் கம்பி அடித்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நான்கு பேர் இழுத்து, ஓரம் முழுக்க முளை அடித்தோம். அப்புறம் முக்கால் அங்குல ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்து, நிரப்பிய பகுதியின் மேல் நின்றபடியே அடுத்த வரிசையை நிரப்பிக்கொண்டு போனார்கள். காலி அறைமேல் மிதித்தால் சுவர் மடிந்துவிடும். அறை நிரம்பியதோடு நிறுத்தாமல் இரண்டு அங்குலம் கூடுதலாகப் போட்டு, வாடகைக்கு எடுத்த காம்பாக்டரை, அதாவது தளத்தை இறுக்கும் இயந்திரத்தை, ஓட்டினோம். எங்கள் மேஸ்திரி ஒரு அறையைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஜல்லி எங்கயும் ஓட முடியாது போலிருக்கே" என்றார். இதன் சூட்சுமமே அதுதான்.

சக்கரம் அழுத்தும்போது ஜல்லி பக்கவாட்டில் நகர்ந்துதான் பள்ளம் விழுகிறது. இங்கே அறைச் சுவர் அதை நகர விடுவதில்லை. பக்கத்து அறைகளும் நிரம்பியிருப்பதால் சுவரும் விரியாது. மொத்தத் தளமும் ஒரே பாய்போலச் சேர்ந்து பாரத்தைப் பரப்பிவிடுகிறது. சென்னை ஐஐடியில் ராஜகோபால், கிருஷ்ணசுவாமி, மாதவி லதா மூவரும் தனி அறையிலும் இணைந்த பல அறைகளிலும் மணலை அடைத்துச் சோதித்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதிரி மணலுக்குக் களிமண்போல ஒட்டிக்கொள்ளும் வலிமை வந்துவிடுகிறது என்று அதில் காட்டியிருந்தார்கள். அந்த மாதவி லதாதான் பிறகு காஷ்மீர் ரயில் பாதையின் செனாப் பாலத்துச் சரிவுகளுக்கு ஆலோசனை சொன்னவர். இந்த யோசனையின் பிறப்பிடம் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவு. 1970-களில் கடற்கரை மணலில் வண்டி ஓட்ட வழி தேடி மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் ஆராய்ந்தார்கள், அலுமினியத்தில்கூடச் செய்து பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள்.

பாதை எப்படி இருக்கிறது? நேராக ஓடும் இடத்தில் இரண்டு மழைக்குப் பிறகும் சக்கரத் தடம்கூட இல்லை. வண்டி திரும்புகிற வளைவில் மட்டும் மேல் ஜல்லி சிதறி, அறை விளிம்பு கறுப்பாக வெளியே தெரிந்தது. அங்கே வருடம் ஒருமுறை ஜல்லி போட்டு மூட வேண்டியிருக்கிறது. ஓரத்துக்குக் கருங்கல் அணைப்பு கட்டாயம்; ஓரம் விட்டுப்போனால் கடைசி வரிசை அறைகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அடுத்தது சரிவு. வீட்டுக்குப் பின்னால், முற்றத்துக்காக முன்பு வெட்டிய செம்மண் கரை ஒன்று ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் நிற்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து சமையலறை ஓடையை அடைக்கும். புல் விதைத்தால் வேர் பிடிப்பதற்குள் விதையே கீழே வந்துவிடும். இதற்கு 100 மில்லிமீட்டர் பேனல், சுவரில் துளை போட்டது வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தோம். சப்ளையர் துளையில்லாததை அனுப்பிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்றே அல்ல. துளை இல்லாவிட்டால் அறைக்கு அறை தண்ணீர் தேங்கி மண் கனத்துவிடும், வேரும் பக்கத்து அறைக்குப் போக வழியிருக்காது. மாற்றித் தந்தார்கள், ஆனால் மலை ஏற்றிய வண்டிக்கூலி எங்கள் தலையில் விழுந்தது. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பேனலைத் தொடுவதற்கு முன்பே கரையின் தலைப்பில் வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டோம். இதைச் செய்யாமல் ஜியோசெல் போடுவது வீண் செலவு. பிறகு பேனலின் மேல்விளிம்பைக் குழி வெட்டிப் புதைத்து, கொக்கியாக வளைத்த 10 எம்எம் கம்பிகளை இரண்டடி ஆழத்துக்கு அடித்து, தோட்ட மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிப் புல் நட்டோம். இப்போது பேனல் இருக்கிற இடமே தெரியவில்லை. ஓடையில் செம்மண் வருவதும் நின்றுவிட்டது.

ஆனால் கவனியுங்கள்: நின்றது மேல்மண் அரிப்பு மட்டும்தான். சில விளம்பரங்களில் இதையே நிலச்சரிவுத் தடுப்பு என்று போடுகிறார்கள். அது ஆபத்தான பேச்சு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள், 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்படி ஆழத்தில் தண்ணீர் ஊறி மலைத்துண்டே நகரும்போது நான்கு அங்குலத் தோல் என்ன செய்யும்? அங்கே தேவைப்படுவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் ஆணிகள், வடிகால் துளையோடு தடுப்புச் சுவர், அல்லது அந்த இடத்தில் வீடே கட்டாமல் இருப்பது. கரையின் தலைப்பில் நிலம் வெடித்திருந்தாலோ, மரங்கள் சாய்ந்திருந்தாலோ, புது ஊற்று கசிந்தாலோ ஜியோசெல் கடைக்குப் போகாதீர்கள், மண் பொறியாளரிடம் போங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலையே தடை செய்த மாவட்டத்தில் இவ்வளவு பிளாஸ்டிக்கை மண்ணுக்குள் வைப்பது சரியா என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டிப் பாதைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாய்வு குறைந்த சரிவுக்கு நிச்சயமாக வழி இருக்கிறது: தென்னை நார் வலை. அது மக்கிப்போவதற்குள் புல் வேரூன்றிவிடும். தோட்டத்தின் இன்னொரு கரைக்கு அதைத்தான் போடப்போகிறேன்.

வாங்கும்போது சிலது கேளுங்கள். விலை சதுர மீட்டருக்குச் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு விரித்தால் வரும் பரப்பு என்று எழுதி வாங்குங்கள். அளவுக்கு மீறி இழுத்தால் பரப்பு கூடுவதுபோலத் தெரியும், அறை ஒடுங்கி வலிமை போய்விடும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 17483 இதற்கென்றே இருக்கிறது, பாரம் தாங்குவதற்கு ஒரு பகுதி, சரிவுக்கு ஒரு பகுதி. உங்கள் வேலைக்கு உரிய பகுதியின்படி செய்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள், குறிப்பாக வெல்ட் வலிமை. எங்கள் கட்டில் ஓரிரு வெல்டுகள் கையால் இழுத்ததுமே பிரிந்தன; விரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் பாதை வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் முடித்துக்கொள்ளுங்கள், பள்ளம் ஓரளவு காய்ந்திருக்கும். சரிவு வேலையை மட்டும் கோடை மழையை ஒட்டி வையுங்கள், அப்போதுதான் நட்ட புல்லுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்காது.