சுவர் இல்லாத கால்வாய்: பீஷான் பூங்காவுக்கு ஒரு வடிகால்காரனின் மதிப்பெண்

26 வருடம் மழைநீர் வடிகால் கட்டியவன் நான். பெய்த தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டுத் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்ல வடிகால். எனக்குத் தெரிந்த பாடம் அதுதான். ஓய்வுபெற்ற பிறகு மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது, பேரன் விளையாடக் கூட்டிப்போன இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. இரண்டு வாரத்தில் ஐந்து தடவை போய்விட்டேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம்.

62 ஹெக்டேர் பூங்கா. நடுவே காலாங் ஆறு. ஆறு என்று இப்போது சொல்கிறோம், முன்பு அது பூங்கா ஓரமாக ஓடிய 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை, பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக அடுக்கிவிட்டார்கள். முதல் நாள் அதன்மேல் ஏறி நின்றபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. என் வாழ்நாள் வேலை காலடியில் கிடப்பதுபோல.

கரையில் சுவர் கிடையாது. புல், புதர், கல் அடுக்கு, செடி வேர் இவைதான் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடும் தண்ணீரைக் கரையும் படுகையும் எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்பதற்கு ஓர் உரசல் எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.013 என்று போட்டுக் கணக்குப் பார்ப்போம். புல்லும் புதரும் வளர்ந்த கரைக்கு அது இரண்டு மூன்று மடங்கு, அதற்கு மேலும் போகும். அப்படியானால் தண்ணீர் மெதுவாகத்தானே போகும், அதே வெள்ளத்தை எப்படித் தாங்கும்? விடை அகலத்தில் இருந்தது. பழைய கால்வாய் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் ஆறு 100 மீட்டர் வரை விரிகிறது. வெயில் நாளில் ஓடிப் பிடித்து விளையாடும் புல்வெளிதான் வெள்ள நாளில் ஆற்றுப் படுகை. ஒரே நிலத்துக்கு இரண்டு வேலை.

மூன்றாம் தடவை போனது ஒரு நல்ல மழைக்கு மறுநாள். தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது, கல் மேல் கல்லாகத் தாண்டிப் பேரன் அக்கரை போய் வந்தான். நான் கரையைப் பார்த்தேன். புல்லெல்லாம் ஒரே பக்கமாக, சீப்பால் வாரிவிட்டதுபோலப் படிந்திருந்தது. ஒரு புதரில் என் இடுப்பு உயரத்தில் சருகும் சுள்ளியும் சிக்கியிருந்தன. அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது தண்ணீர். கரையில் ஓரிடத்திலும் மண் சரியவில்லை, குனிந்து தேடிப் பார்த்தேன்.

“தாத்தா, என்ன தொலைச்சீங்க?” என்றான்.

பிள்ளைகள் இறங்கும் இடம் என்பதால் எச்சரிக்கை ஏற்பாடும் உண்டு. தண்ணீர் ஏறத் தொடங்கினால் விளக்கு, சைரன், அறிவிப்பு. கரையோரம் மிதவை வளையங்கள். அப்புறம், நீர்நாய்! காலையில் சீக்கிரம் போனால் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் போன நாளில் வரவில்லை.

இதையெல்லாம் அழகுக்காகச் செய்ததாக நினைக்க வேண்டாம். பூமி சூடாகிவருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டும்போது அதை மொத்தமாகக் கொட்டிவிடும். நாங்கள் கையில் வைத்திருந்த மழை அட்டவணைகளோ பழைய மழையைப் பார்த்து எழுதியவை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒரே கால்வாயின் சுவரை மூன்று முறை உயர்த்தினோம். மூன்று முறையும் அடுத்த பெருமழை மேலேறி வந்தது. நான்காவது தடவைக்கு நான் அங்கே இல்லை.

சரி, அரை நட்சத்திரம் ஏன் குறைந்தது? பூங்காவின்மேல் குறையில்லை. இங்கே கால்வாயை ஒட்டியே பூங்கா இருந்தது, ஆற்றுக்கு விரிய இடம் கிடைத்தது. எல்லா ஊருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்குக் கை வரவில்லை. படங்களை என்னோடு வேலை பார்த்த ஒரு இளம் பொறியாளருக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: “சூப்பர் சார். நம்ம கால்வாய் 6 மீட்டர், ரெண்டு பக்கமும் வீடு. யாரைக் காலி பண்ணச் சொல்றது சார்?”

இன்னும் பதில் எழுதவில்லை.